ஈரக்கைக்கு எழுதிய விதி

வீட்டு நீச்சல் குளத்துக்குக் கரண்ட் கொண்டுபோக மூன்று கம்பி வேண்டும். இரண்டு போதாது. இதைச் சொல்வதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. ஆனால் லைசென்ஸ் வாங்கிய ஒருத்தனே, சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்ட கதை ஒன்று எங்கள் தீவில் நடந்தது. அந்த ஒருத்தன் நான்தான். வேறு யாரையாவது திட்டலாம் என்று பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு மெயின் போர்டிலிருந்து குளத்தங்கரையில் இருக்கும் சின்ன போர்டுக்கு ஒரு கேபிள் போகும். ஃபீடர் என்போம். அதற்குள் ஒரு கம்பி கரண்டைக் கொண்டுபோகும். அது ஃபேஸ். இன்னொன்று திரும்பக் கொண்டுவரும். அது நியூட்ரல். மூன்றாவது எர்த். அது ஒரு வேலையும் செய்யாது. வருஷக்கணக்காகச் சும்மா கிடக்கும். பம்பின் இரும்பு உடம்பிலோ ஏணியிலோ கரண்ட் தப்பித் தவறி இறங்கினால், அதை வாரிக்கொண்டு போவதற்காக மட்டும் காத்துக் கிடக்கும். சும்மா கிடக்கிறதே என்றுதான் எல்லோருக்கும் அதன் மேல் இளக்காரம். வெட்டியாக உட்கார்ந்திருக்கும் மாமனாரைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள்.

குளம் என்று வந்துவிட்டால் விதி இன்னும் கறார். எர்த் கம்பி செம்பாக இருக்க வேண்டும், மேலே உறை இருக்க வேண்டும், வீட்டிலிருந்து குளம் வரை அறுபடாமல் ஒரே கம்பியாகப் போக வேண்டும். குளத்து போர்டில் நியூட்ரலையும் எர்த்தையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகக் கட்டக் கூடாது. கரண்ட் ஒரு துளி கசிந்தாலும் கண் இமைப்பதற்குள் லைனை வெட்டிவிடுகிற ஆர்.சி.சி.பி. என்ற பெட்டி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஏன் இத்தனை கெடுபிடி? வீட்டுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு காய்ந்த விரலால் சுவிட்சைத் தட்டுகிறவன் வேறு. குளத்தங்கரையில் நிற்கிறவனுக்குக் காலிலும் தண்ணீர், கையிலும் தண்ணீர். இது ஈரக்கைக்காகவே எழுதிய விதி. மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இந்த ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தீவின் பெரிய ஊருக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில் இருக்கிறோம். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து போட் இன்ஜின் வேலைக்கு வந்தவர். அக்காவும் நானும் பிறந்தது இங்கேதான். அக்காவைப் பக்கத்திலேயே இருந்த ஹிந்தி மீடியம் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். என்னை மட்டும் தினமும் படகேற்றி அக்கரைக்கு அனுப்பித் தமிழ் மீடியத்தில் படிக்க வைத்தார் அப்பா. பொம்பளைப் பிள்ளை எதற்கு அலைய வேண்டும் என்றார். அதனால் அக்கா பேசுவதெல்லாம் தூத்துக்குடித் தமிழ், நடு நடுவே ஹிந்தி. எழுத்து என்றால் ஹிந்தி மட்டும்தான். கல்யாணப் பத்திரிகை வந்தாலும், மாதா கோயிலில் தமிழில் நோட்டீஸ் கொடுத்தாலும் என் வீட்டுக்குத்தான் எடுத்துக்கொண்டு வருவாள். "ஏல, இதுல என்னத்தப் போட்டுருக்கான்னு சொல்லு. பெரிய இன்ஜினியருல்லா நீ" என்பாள். நான் வாசித்துச் சொல்ல, அப்படியே நம்பிக்கொண்டு போவாள்.

அவள் புருஷன், எங்கள் அத்தான், மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிச் சென்னைக்குக் கப்பல் ஏறினார். மெயின்லேண்ட் போனவர் போனவர்தான். அக்கா ஜெட்டியில் உட்கார்ந்து மீன் வெட்டிக் கொடுத்துத்தான் பெண்ணை வளர்த்தாள்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது புரியாது. எங்களுக்கு வேண்டிய சாமான் எல்லாம் கப்பலில்தான் வர வேண்டும். சிமெண்ட், வெங்காயம், கேபிள், கக்கூஸ் கோப்பை, எதுவானாலும் சரி. காற்று அடித்தால் கப்பல் வராது. இன்ஜின் மக்கர் பண்ணினால் வராது. வராத நாளில் கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றிவிட்டு, "ஜஹாஜ் ஆனே தக்" என்போம். கப்பல் வரும்வரை. தமிழன், பெங்காலி, தெலுங்கன், மலையாளி, யார் வாயிலும் இந்த மூன்று வார்த்தை தயாராக இருக்கும். இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. கப்பல் உண்மையிலேயே வரத்தானே போகிறது! ஆனால் கப்பல் வந்தபிறகு, மூடின எதையும் எவனும் திறந்து பார்க்க மாட்டான். என் வீட்டுக் குளியலறைக்குக் கதவு வரும்வரை என்று ஒரு தகரத்தைச் சாத்திவைத்தேன். ஆறு வருஷமாக அந்தத் தகரத்தைத்தான் திறந்து மூடிக்கொண்டிருக்கிறோம். எத்தனையோ கப்பல் வந்து போய்விட்டது. தகரம் கதவோடு நின்றுவிட்டால் சிரித்துக்கொள்ளலாம்.

அக்கரையில் மரைன் ஹில்லில், நான் சொல்ல வந்த குளம் இருக்கிற வீட்டைக் கட்டியவர் மெயின்லேண்ட்காரர். ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட் வைத்திருந்தார். வேலைக்காரர்கள் எல்லோரும் அவரை சாப் என்போம். துறைமுகம் தெரிகிற மாதிரி மேட்டில் வீடு, அதற்குக் கீழே சரிவில் ஒரு நீச்சல் குளம். எங்கள் பக்கமெல்லாம் குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் அதிர்ஷ்டம். அந்தக் குளத்தை நிரப்ப லாரி மேல் லாரியாக மேடு ஏறியது. எனக்கு வயிறு எரிந்தது. எரிந்து என்ன, வேலைக்கு ஒப்புக்கொண்டேனே! ஒயரிங் முழுக்க என் கையில்தான் இருந்தது. மூன்று கம்பி உள்ள செம்புக் கேபிளைச் சென்னையிலிருந்து வரவழைக்கச் சொன்னேன். அவரும் சொல்லிவைத்தார்.

கப்பல் வரவில்லை. வானிலை சரியில்லை என்றார்கள், பிறகு வேறு ஏதோ காரணம் சொன்னார்கள். அதற்குள் அவருடைய விருந்தாளிகள் வெள்ளிக்கிழமை விமானத்தில் வந்து இறங்குவதாக இருந்தது. பணக்காரன் வருகிற விமானம் மட்டும் ஒருநாளும் தாமதமாகாது. கடை கடையாக ஏறி இறங்கினேன். இரண்டு கம்பி கேபிள்தான் இருந்தது.

"நஹீ ஹோகா சாப்" என்றேன். முடியாது என்று.

அவர் என் தோளில் கை போட்டார். "ஜஹாஜ் ஆனே தக், தோஸ்த்!"

இந்தத் தீவுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் பாஷையில் அவர் சுத்தமாகக் கற்றுக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான். எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று தெரிந்த ஆள். எங்கள் அப்பா சொன்ன வார்த்தை, அக்கா சொல்கிற வார்த்தை, நானே தினம் நாலு பேரிடம் சொல்கிற வார்த்தை. அதை எங்களிடமே ஒருவன் திருப்பிச் சொல்லும்போது எப்படி மறுப்பது? மறுத்திருக்கலாம். நன்றாகவே மறுத்திருக்கலாம். நான் தலையை ஆட்டினேன்.

இரண்டு கம்பியை இழுத்தேன். மூன்றாவது கம்பி இல்லாததால் பம்பின் எர்த்தை எங்கே கட்டுவது? குளத்து போர்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டுக் கம்பியை வைத்து முடுக்கினேன். எந்தக் காரணத்துக்காகவும் கட்டக் கூடாது என்று மேலே எழுதினேனே, அதைத்தான் கட்டினேன். சுவிட்சைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. படக்கென்று விழுந்தது. மறுபடியும் போட்டேன், மறுபடியும் விழுந்தது. மூன்றாம் தடவையும் விழுந்தது. அந்தப் பெட்டிக்கு இருந்த நாணயம் எனக்கு இல்லை. கரண்ட் போகக் கூடாத வழியில் போகிறது என்று அது கத்திக்கொண்டே இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குளத்து லைனை அதிலிருந்து கழற்றி, கசிவைக் கண்டுகொள்ளாத சாதாரண பிரேக்கரில் மாட்டினேன். சத்தம் நின்றது. பம்ப் அழகாக ஓடியது. தண்ணீர் நீல நிறத்தில் சுழன்றது. சாப் கை தட்டினார்.

பிறகு வேலை முடிந்தது என்று மின்துறைக்குக் கொடுக்கிற கம்ப்ளீஷன் ரிப்போர்ட். மூன்று கம்பி செம்புக் கேபிள், தனி எர்த், ஆர்.சி.சி.பி. என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் படிவத்தில் 'கப்பல் வரும்வரை' என்று எழுத ஒரு கட்டம் இல்லை. எப்படியும் பத்து நாளில் மாற்றிவிடப் போகிறோம், ரிப்போர்ட்டில் எழுதியது உண்மையாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனசுக்குச் சமாதானம் சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

இதோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். வீட்டையும் குளத்தையும் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று சாப் கேட்டார். நான்தான் அக்காவைச் சொன்னேன். மீன் நாற்றத்திலிருந்து அவளுக்கு விடுதலை என்று பெருமையாக வேறு இருந்தது. முதல் நாள் வேலை முடிந்து படகில் திரும்பி வரும்போது சிரிக்கிறாள், சிரிக்கிறாள், அப்படிச் சிரிக்கிறாள்.

"ஏல, சுத்தி அம்புட்டுக் கடல் கெடக்கு. அத விட்டுட்டு மலை மேல தொட்டியக் கட்டி, அதுல மருந்தக் கலக்கிக் குளிக்கானுவ. பாகல் லோக்! பைத்தியக்காரனுவ!"

"வாய வச்சுக்கிட்டு வேலையப் பாருக்கா" என்றேன்.

"பாக்காம? வலைய வச்சு எலையத்தான் அள்ளுதேன். மீனுக்குப் பொறந்தவளுக்கு வலை கொடுத்துருக்கான், மீனத்தான் காணல."

பதினொரு நாளில் கப்பல் வந்தது. கேபிள் சுருளும் வந்து சேர்ந்தது. அதை மரைன் ஹில் வீட்டின் கார் ஷெட்டில் இறக்கிப் போட்டார்கள். நான் போன் பண்ணினேன். விருந்தாளிகள் இருக்கிறார்கள், குளத்தை நிறுத்த முடியாது, அடுத்த வாரம் என்றார் சாப். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் ஹேவ்லாக் ரிசார்ட்டில் புது அறைகளுக்கு ஒயரிங் என்று அவரே என்னை அங்கே அனுப்பினார். அதன் பிறகு நானும் போன் பண்ணவில்லை, அவரும் கேட்கவில்லை. பம்ப்தான் ஓடிக்கொண்டிருக்கிறதே.

ஞாபகப்படுத்தியவள் அக்கா மட்டும்தான். "ஏல, ஒன் சுருளு ஷெட்டுல அப்படியே கெடக்கு. பூனை அதுக்குள்ள குட்டி போட்டுருக்கு. எப்ப வந்து எடுப்ப?" என்று கேட்டாள். "எடுக்கணும்க்கா" என்றேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்டாள். குட்டிகள் பெரிதாகி ஓடிவிட்டன என்றாள். "எடுக்கணும்க்கா" என்றேன். அது எதற்கு வந்த சுருள் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் சும்மா விட்டிருக்க மாட்டாள். கேட்டுக் கேட்டு என் காதைத் தின்றிருப்பாள். அதற்காகவே சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

பதினாலு மாதம் போனது.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். அக்கரையில் இருக்கும் சாத்தத்துக்குப் போகிற படகுக்காக ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வீட்டுத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ராஞ்சிக்காரரிடமிருந்து போன். அக்காவுக்குக் கரண்ட் அடித்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிறார்கள் என்று ஹிந்தியில் கத்தினார். உயிர் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, மூங்கில் கம்பால் கையை அடித்துத் தள்ளிவிட்டேன் என்றார். பிறகு அவராகவே இன்னொன்றும் சொன்னார். பம்ப் தானாக நின்றுபோயிற்றாம். ஏன் நின்றது என்று பார்க்கத்தான் அக்கா போய்த் தொட்டாளாம்.

பம்ப் முதலில் நின்றது. அப்புறம்தான் அடித்தது.

இது மற்றவர்களுக்கு ஒரு தகவல். எனக்கு அந்த ஒரு வரியிலேயே எல்லாம் தெரிந்துபோயிற்று. உப்புக் காற்றில் நியூட்ரல் கம்பி முடுக்கின இடத்துக்கு முன்னால் இற்று அறுந்திருக்கிறது. கரண்ட் திரும்பிப் போக வழி இல்லை, அதனால் பம்ப் நின்றது. உள்ளே வந்த கரண்ட் எங்கே போகும்? நான் வைத்த அந்தச் சுண்டுவிரல் நீளக் கம்பி வழியாக ஏறி, பம்பின் இரும்பு உடம்பில் வந்து நின்றிருக்கிறது. அதன் மேல் என் அக்கா வலது கையை வைத்திருக்கிறாள். விதிப்படி மூன்றாவது கம்பியும் அந்தப் பெட்டியும் இருந்திருந்தால், நியூட்ரல் அறுந்தாலும் பம்ப் நின்றிருக்கும், அவ்வளவுதான். ஈரக்கையோடு அதைக் கட்டிப் பிடித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

படகு அக்கரை சேர்வதற்குப் பதினைந்து நிமிஷம்கூட ஆகாது. அன்றைக்கு அது நகர்ந்ததாகவே தெரியவில்லை. அந்த நேரத்திலும் என் மனசு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மாதாவே, அக்கா பிழைக்க வேண்டும் என்று ஒரு பாதி ஜெபித்தது. ரிப்போர்ட்டில் என் கையெழுத்து இருக்கிறதே என்று இன்னொரு பாதி நடுங்கியது. எந்தப் பாதி பெரியது என்று கேட்காதீர்கள்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் கருகி, பிறகு மடங்கிக்கொண்டன. இனிமேல் நிமிராது என்று டாக்டர் சொன்னார். கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவள் என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். வலிக்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"என் தப்புதான்ல. ஈரக் கையோட போய்த் தொட்டுட்டேன். சின்னப் புள்ளையிலேருந்து நீ எத்தன தடவ சொல்லிருக்க! புத்தி கெட்டவ நான்."

"பேசாம படுக்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே சாப் போன் பண்ணினார். குரலில் பதற்றம் இருந்தது, ஆனால் அது அக்காவுக்கான பதற்றம் இல்லை. விபத்து என்று மின்துறைக்குத் தகவல் போய்விட்டதாம், நாளைக் காலை அதிகாரி வந்து பார்ப்பாராம். "வீடு என்னுடையது, கையெழுத்து உன்னுடையது. உடனே வா" என்றார் ஹிந்தியில். மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை. வழியில் டீ குடித்துவிட்டு வா என்கிற மாதிரி சொன்னார்.

போனேன். அக்காவின் கட்டிலை விட்டுவிட்டு நேராகப் போனேன். ஷெட்டில் சுருள் கிடந்தது, உள்ளே பூனை முடி அப்பிக்கொண்டிருந்தது. பழைய கேபிளை உருவி எடுத்து அதே பைப்பில் புதியதைச் செலுத்தினேன். நியூட்ரல் முனையைத் தொட்டதும் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. சுண்டுவிரல் நீளக் கம்பி மட்டும் முடுக்கின இடத்தில் கெட்டியாக இருந்தது. பாழாய்ப்போன அந்த ஒன்றைத்தான் நான் நன்றாக முடுக்கியிருந்தேன். எர்த்தைத் தனியாகக் கட்டினேன், லைனை மறுபடி ஆர்.சி.சி.பி.க்குக் கீழே கொண்டுவந்தேன். சுவிட்சைப் போட்டேன். பெட்டி விழவில்லை. இப்போது அதற்குக் கத்த ஒரு காரணமும் இல்லை.

மொத்த வேலையும் மூன்று மணி நேரம். பதினாலு மாதமாக நேரம் கிடைக்காத வேலை.

ராஞ்சிக்காரர்தான் கீழே நின்று கேபிளின் முனையை இழுத்துக் கொடுத்தார். எல்லாம் முடிந்து நான் சாமானை எடுத்து வைக்கும்போது, "அண்ணா, இதை முன்னாடியே செய்ய முடியலையா?" என்று அவர் பாஷையில் கேட்டார். குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கப்பல் வரவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அந்த மனுஷன் காறித் துப்பியிருப்பார். துப்பினாலும் தகும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நான் அதையும் அக்காவுக்காகச் செய்யவில்லை. பழைய கேபிளைத் துண்டு துண்டாக வெட்டிச் சாக்கில் கட்டினேன். அந்தச் சின்னக் கம்பியைப் படகில் திரும்பும்போது கடலில் போட்டேன்.

மறுநாள் அதிகாரி வந்தார். நேர்மையான மனிதர். போர்டைத் திறந்து பார்த்தார், மீட்டர் வைத்துப் பார்த்தார், ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் சோதனைப் பட்டனை அழுத்தினார். படக்கென்று விழுந்தது. என் ரிப்போர்ட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எழுதியபடியே எல்லாம் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சொன்னவன் ஒயரிங் வேலை தெரியாதவன். மறைத்துக் காட்டினேனே! ஒயரிங்கில் குறை இல்லை, வேலைக்காரப் பெண் ஈரக்கையோடு கவனக்குறைவாகப் போர்டுக்குள்ளேயே விரலை விட்டிருக்கிறாள் என்ற முடிவுக்கு வந்தார். போகும்போது என்னைப் பார்த்து, இந்தப் பக்கம் இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்ப்பது அபூர்வம் என்றார். நான் தேங்க் யூ சார் என்றேன். ஆமாம், அந்த நாக்கால்தான் சொன்னேன்.

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் லைசென்ஸ் போகும். கேஸ் வரும். எனக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். வேலை போன அக்காவையும் அவள் பெண்ணையும் இனி நான்தான் பார்க்க வேண்டும், லைசென்ஸ் இல்லாமல் எப்படிப் பார்ப்பது? பாருங்கள், எப்படியெல்லாம் நியாயம் வந்து வரிசையில் நிற்கிறது. அவளைக் காப்பாற்றுவதற்காகவே அவளைக் குற்றவாளி ஆக்கினேன் என்று சொல்கிற அளவுக்கு என் மூளை வேலை செய்தது.

கவனக்குறைவான ஆளை வைத்துக்கொள்ள முடியாது என்று சாப் அவளை நிறுத்திவிட்டார். ஒரு பழக்கூடை மட்டும் அனுப்பிவைத்தார். ஆப்பிள், ஆரஞ்சு, எல்லாம் மெயின்லேண்ட் சரக்கு. அக்கா உருகிப்போனாள். "நம்ம தப்புக்கு அவுக பழம் அனுப்பிருக்காக பாரு. நல்ல மனுசன்" என்றாள். அன்றைக்கு அந்தக் கூடையைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அடிக்கவில்லை. ஒரு ஆப்பிளை வெட்டி அவளுக்கு ஊட்டிவிட்டேன்.

இப்போது அவளால் மீன் வெட்ட முடியாது. கத்தி கையில் நிற்பதில்லை. ரவிக்கைக் கொக்கியை அவள் பெண்தான் மாட்டிவிடுகிறாள். ஆனால் அவள் வாய் மட்டும் ஓயவில்லை. படகிலும் கோயிலிலும் பார்க்கிற பெண்களிடமெல்லாம் மடங்கின விரலை நீட்டிக் காட்டுகிறாள். ஈரக் கையோட கரண்டத் தொடாதீங்க தாயி, என்னப் பாருங்க என்கிறாள். பாவம், அவளே ஒரு எச்சரிக்கை போர்டு மாதிரி ஆகிவிட்டாள்.

ஒருதடவை படகில் நானும் பக்கத்தில் இருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெங்காலி அம்மாளிடம் ஹிந்தியில் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவது, ஆனது ஆகட்டும் என்று "அக்கா" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பி என் தோளைத் தொட்டு அந்த அம்மாளிடம் காட்டினாள். "இவன்தான் என் தம்பி. அந்த வீட்டு ஒயரிங் எல்லாம் இவன் செஞ்சது. ஆபீசரே வந்து பாராட்டிட்டுப் போனாரு. தப்பு முழுக்க என்னுது." மூன்று விரலால் என் தோளைப் பிடித்திருந்தாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எதற்குக் கூப்பிட்டாய் என்று அவளும் கேட்கவில்லை.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்புக் கேட்கும்போது "பொய் சொன்னேன் சாமி" என்று சொல்கிறேன். எந்தப் பொய் என்று சாமியார் இதுவரை கேட்டதில்லை. கேட்கக் கூடாதே என்று மண்டி போட்டிருக்கும்போதே வேண்டிக்கொள்கிறேன்.

வேலையில் இப்போது நான் பெரிய யோக்கியன். குளத்து வேலை என்றால் மூன்று கம்பி கையில் வந்து சேரும்வரை ஸ்க்ரூ டிரைவரைத் தொட மாட்டேன். காண்ட்ராக்டர்கள் எனக்குத் 'தீன் தார்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். மூணு கம்பி. வருகிறான் பார் மூணு கம்பி என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். ஒருத்தன் போன மாதம் என் தோளில் கை போட்டு ஜஹாஜ் ஆனே தக் என்றான். அந்தக் கையைத் தட்டிவிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டேன். அவன் பயந்துபோனான். அவனைத் திட்டியதில் முக்கால்வாசி வேறொருத்தனுக்குச் சேர வேண்டியது.

அந்த விதியை யாராவது ஒழுங்காகத் தமிழில் எழுதிவைத்தால் என்ன என்று தோன்றித்தான் இதை ஆரம்பித்தேன். நாலு வரியில் முடிந்திருக்க வேண்டியது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டுக் கை கழுவினாள். துண்டை எடுத்து இடது கையைத் துடைத்தாள். பிறகு வலது கை. மடங்கின இரண்டு விரலுக்கும் உள்ளே துண்டின் முனையை விட்டு விட்டுத் துடைத்தாள். ஃபேன் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் எப்போதும் அப்படித்தான். துடைத்துவிட்டுக் கையை என்னிடம் காட்டி, "சரிதானல?" என்று கேட்பாள். "சரிக்கா" என்பேன். அதன் பிறகுதான் சுவிட்சைத் தொடுவாள்.

மேஜைமேல் தாள்கள் கிடந்ததைப் பார்த்தாள். "என்னல எழுதுத?"

"கரண்ட் வேலைச் சட்டம்க்கா. நீச்சல் குளத்துக்கு எப்படி ஒயர் இழுக்கணும்னு."

"எழுது எழுது. நாலு பேருக்கு உதவும்." ஒரு தாளை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், படம் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தாள். "ஈரக் கையோட தொடக் கூடாதுன்னு மொதல்ல போடு. என் கதையையும் போட்டுரு. படிக்கிறவளாவது புத்தியா இருப்பா."

"போட்டுருக்கேன்க்கா."

தாளில் ஈரம் பட்டிருக்குமோ என்று புடவைத் தலைப்பால் ஒற்றிவிட்டு, எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன்.